ஓராள் ஒரு கை

எட்டாவது வரை படித்தவள் நான். உறவுக்காரர்களுக்குக் கடிதமும் எப்போதாவது ரேஷன் கடைக்கு மனுவும் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத ஒரு காரணம் உண்டு. வல்லம் வடகால் கம்பெனிகளுக்காகப் போட்ட அகலமான ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையன்கள் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். நான் கடைக்குப் போகிற வழி அது. 'வேண்டாம் தம்பி' என்று சொல்ல ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஒரு முறையும் சொன்னதில்லை. அப்படிப் பார்த்துவிட்டு வந்து படுக்கிற நாட்களில், கண்ணை மூடினால் எனக்கு ரோடு தெரிவதில்லை. பச்சைத் தண்ணீர்தான் தெரிகிறது.

அது எங்கள் பெரியப்பா நிலத்துக் கிணற்றுத் தண்ணீர். எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதின்மூன்று வயது. சதுரமான பெரிய கிணறு. மேலே பத்தடி வரை மண், அதற்குக் கீழே பாறை. வெடி வைத்துத் தோண்டியதால் பாறைச் சுவரில் வெடிமருந்து கெட்டித்த துளைகள் பாதி பாதியாகப் பிளந்து, புல்லாங்குழலை நெடுக்காகப் பிளந்தது போல் நிற்கும். ஒரு பக்கம் படிகள். எதிர்ப்பக்கம், விளிம்பை ஒட்டி, பம்ப்செட் ரூம். அதன் மேல்தளம் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களிலும் முழுப் பரீட்சை லீவிலும் நாங்கள் எல்லோரும் அந்தக் கிணற்றில்தான். என் அண்ணன், பெரியப்பா மகன், பக்கத்து நிலத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேர். பெண் என்று நான் ஒருத்திதான். அண்ணனின் பழைய அரைக்கால் சட்டையையும் மேல்சட்டையையும் போட்டுக்கொண்டு இறங்குவேன். அடுத்த வருஷம் இதெல்லாம் கிடையாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எல்லோரும் நினைப்பது போல நாங்கள் கண்மூடித்தனமாகக் குதிக்கிறவர்கள் இல்லை. எங்களுக்குச் சட்டம் இருந்தது. யாரும் குதிப்பதற்கு முன்னால் ஒருவர் இறங்கி அளவு பார்க்க வேண்டும். குதிக்கிற இடத்துக்கு நேர் கீழே, தரையில் கால் ஊன்றி, ஒரு கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கி நிற்க வேண்டும். விரல் நுனி தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அன்றைக்கு நீச்சல் மட்டும்தான். தெரியாவிட்டால் குதிக்கலாம். அதற்கு ஓராள் ஒரு கை என்று பெயர். அளவு பார்க்கிறவர் தண்ணீரை விட்டு விலகும் வரை மேலே இருப்பவர் குதிக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இந்த இரண்டையும் மீறியவனை ஒரு வாரம் கிணற்றுப் பக்கம் சேர்க்கமாட்டோம்.

அளவு பார்க்கிற வேலை முதலில் பெரியப்பா மகனுடையது. ஊரிலேயே உயரமான பையன் அவன்தான்; நெட்டையண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அவனுக்கு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வேலை யாருக்கு என்று பேச்சு வந்தது. யாருக்கும் அது பிடிக்காது. அளவு பார்க்கிறவர் குதிக்கிற வரிசையில் கடைசியாகத்தான் நிற்க முடியும். 'பாப்பா பாக்கட்டும், அதுதான் ரொம்ப நேரம் மூச்சு புடிக்கும்' என்று அண்ணன் சொன்னான். வேலை எனக்கு வந்தது.

எனக்கு அது எவ்வளவு பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. முக்கால்வாசி மூச்சை வெளியே விட்டுவிட்டு இறங்கினால் உடம்பு தானாகக் கனக்கும். பாதம் பாறையைத் தொடும். வழுக்கலாக, குளிர்ச்சியாக இருக்கும். கண்ணைத் திறந்தால் முதலில் பச்சை, கொஞ்சம் தள்ளிக் கரும்பச்சை, அதற்கப்பால் ஒன்றுமில்லை. வெயில் மேலே இருந்து கோல் கோலாக இறங்கி, பாதி வழியில் கரைந்து போகும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் விரலைக் கடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கையை உயர்த்தியபடி, யாரோ என்னை அங்கே நட்டு வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி நிற்பேன். என் தலைமயிர் மட்டும் மெதுவாக எழுந்து, எனக்குச் சம்பந்தமில்லாதது போல அசைந்துகொண்டிருக்கும். இப்போதும் சில ராத்திரி நான் அங்கே நிற்பதாகக் கனவு வரும். அந்தக் கனவில் மேலே ஏற வேண்டும் என்று தோன்றுவதே இல்லை.

பங்குனி வரை கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. என் விரல் வெளியே தெரிகிற பேச்சே இல்லை. சித்திரை பிறந்ததும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்கு ஜெபமாலை சொல்ல எங்கள் மாதா கோயிலிலிருந்து பத்துப் பேர் போனோம். அம்மா என்னையும் அண்ணனையும் கூட்டிப் போனாள். அந்த வீட்டுப் பையனுக்குப் பதினெட்டு வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்ததில் கழுத்து போய்விட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். நாங்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா இரண்டு முறை எழுந்து வந்து அவனைப் புரட்டிப் படுக்கவைத்தாள். ஜெபம் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போது அவன் என் அண்ணனைப் பார்த்து, 'உங்க கெணத்துல இப்ப எவ்ளோ தண்ணி கீது?' என்று கேட்டான். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி ஆசையாகக் கேட்டான். அண்ணன் சொன்னான். அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அதை நினைத்துப் பார்த்தான்.

திரும்பி வரும்போது, ஊர் எல்லை வந்ததும் அண்ணன் என்னிடம் மட்டும், "அவன் அளவு பாக்காம குதிச்சிட்டான்" என்றான். அதைச் சொன்னதும் அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. எனக்கும்தான். நாங்கள் அளவு பார்க்கிறவர்கள்.

மே மாதம் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பஸ் நிறுத்தத்தில் அவன் அப்பாவுக்கு டீக்கடை. எங்கள் பக்கத்து நிலத்துக்காரர்களுக்குச் சொந்தம். லீவுக்கு வந்தவன் அண்ணனோடு ஒட்டிக்கொண்டான். அவனுக்கு எல்லா ஊர்க் கதையும் தெரியும். மெட்ராசில் நீச்சல் குளத்தில் பலகையிலிருந்து தலைகீழாகப் பாய்கிறவர்களைத் தான் வேலி மேல் ஏறிப் பார்த்ததாகச் சொன்னான். நாங்கள் காலை மடக்கிக்கொண்டு தொபுக்கென்று குதிப்பதைப் பார்த்து, மூட்டை இறக்குகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். அவன் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த வாரம் அண்ணன் விளிம்பிலிருந்து குதித்தபோது குதிகால் தரையில் இடித்தது. இரண்டு நாள் நொண்டினான். அடியைத் தொட்டுவிட்டேன் என்று அதையும் பெருமையாகத்தான் சொன்னான். அதற்கு முன்னால் குதித்தவர்கள் யாரும் அடியைத் தொட்டதில்லை. ஏன் இப்போது தொடுகிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அளவு பார்த்த எனக்கே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் கிணற்றுக்குப் போனோம். பம்ப்செட் ரூம் மேலிருந்து தலைகீழாகப் பாயப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தான். சத்திரத்துப் பையன் சும்மா இருந்தவனைச் சீண்டிச் சீண்டி, முந்தின நாள் சாயங்காலம் அந்த வார்த்தையை வாங்கிவிட்டான். இதுவரை அங்கிருந்து யாரும் காலை முன்னால் விட்டுக்கூடக் குதித்ததில்லை. தலைகீழாகப் பாய்கிறவனுக்குத் தலைதான் முதலில் தரைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். அளவு சரியாக இருந்தால் போகாது என்றும் நம்பினேன்.

பக்கத்து நிலத்துப் பையன்கள் அன்றைக்கு வரவில்லை. அண்ணனும் சத்திரத்துப் பையனும் ரூம் மேலே ஏறினார்கள். நான் படி வழியாக இறங்கி, நீந்திப் போய், மேல்தளத்துக்கு நேர் கீழே மூச்சை விட்டுவிட்டு அமிழ்ந்தேன்.

பாதம் பாறையில் பட்டது. கையைத் தூக்கினேன். அன்றைக்கு வெயில் சரியாக எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. வெடித்துளைகள் தண்ணீருக்குள்ளும் தெளிவாகத் தெரிந்தன. அதில் ஒன்று மற்றவற்றைவிடக் குட்டையானது; கீழேயிருந்து ஏறி, சுவரில் பாதியிலேயே முடிந்துவிடும். நெட்டையண்ணன் அளவு பார்க்கிற காலத்தில் நான் பக்கத்தில் முங்கி அவனை வேடிக்கை பார்ப்பேன். அவன் தூக்கிய கை அந்தத் துளை முடிகிற இடத்துக்குச் சரியாக வரும். அன்றைக்கு என் கையைப் பார்த்தேன். துளை முடிகிற இடத்தைப் பார்த்தேன். நடுவில் இரண்டு சாண் இருந்தது. துளை முடிகிற அந்த இடம் தண்ணீருக்கு வெளியே, காய்ந்துபோய், வெயிலில் இருந்தது.

பயம் உடனே வரவில்லை. தண்ணீருக்குள் எதுவும் உடனே வராது. முதலில், நான் எவ்வளவு சின்னவள் என்று ஒரு ஆச்சரியம்தான் வந்தது. ஓராள் ஒரு கை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லையே என்று, யாருடைய கதையையோ நினைப்பது போல நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அண்ணனின் குதிகால் ஞாபகம் வந்தது. கயிற்றுக் கட்டில் ஞாபகம் வந்தது. நெஞ்சில் காற்று இல்லை. மேலே வந்தேன்.

"கை தெரியல. போதும்" என்றான் சத்திரத்துப் பையன். அண்ணன் மேல்தளத்தின் விளிம்பில் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றான். விலகு என்று எனக்குக் கையைக் காட்டினான்.

போதாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. இன்று வரை அதற்கு என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. போதாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். பொங்கலிலிருந்து நான் பார்த்த அளவெல்லாம் தப்பு என்று சொல்ல வேண்டும். அதுவும் அந்தச் சிரிக்கிற பையனுக்கு எதிரில். ஆனால் விலகவும் முடியவில்லை. அளவு பார்க்கிறவர் விலகும் வரை குதிக்கக் கூடாது என்ற சட்டம் மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. நான் மல்லாந்து, கையையும் காலையும் விரித்து, அண்ணனுக்கு நேர் கீழே மிதக்க ஆரம்பித்தேன்.

காது இரண்டும் தண்ணீருக்குள். மேலே சதுரமாக வானம். அதன் ஓரத்தில் அண்ணனின் இரண்டு பாதங்கள். சுவர்ப் பொந்திலிருந்து ஒரு புறா வெளியே போய் வட்டமடித்துத் திரும்பி வந்தது. அவர்கள் வாய் அசைவது தெரிந்தது. குரல் வேறு ஊரிலிருந்து வருவது மாதிரி வந்தது. அண்ணன் முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டான். பிறகு திட்டினான். பிறகு அம்மாவிடம் சொல்வேன் என்றான், என்னத்தைச் சொல்வான் என்று தெரியவில்லை. ஒரு மண்ணாங்கட்டி என் தோளுக்குப் பக்கத்தில் விழுந்து கரைந்தது. அசையவில்லை. அப்படியே கிடந்தால் சாயங்காலம் வந்துவிடும், இருட்டிவிட்டால் யாரும் பாயமாட்டார்கள் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. சாயங்காலத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அது நிறைய என்றே எனக்குத் தோன்றவில்லை.

தலையைக் கொஞ்சம் தூக்கியபோது சத்திரத்துப் பையன் சொன்னது கேட்டது.

"இன்னா வாத்யாரே, உன் தங்கச்சி அளவு பாக்கப் போயி அங்கியே வூடு கட்டிக்கினாளா? வாடகை எவ்ளோன்னு கேளு."

அண்ணன் சிரிக்கவில்லை. அவனுக்கு முகம் சிவந்திருந்தது. சத்திரத்துப் பையன், பக்கத்தில் தள்ளிப் பாயலாம், இடமா இல்லை என்றான். அண்ணன் தளத்தின் அந்த மூலைக்குப் போனான். நானும் தண்ணீரை ஒரு தள்ளு தள்ளி அந்த மூலைக்குக் கீழே போனேன். அவன் திரும்ப இந்த மூலைக்கு வந்தான். நானும் வந்தேன். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தது. மேலே இருந்து பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். எனக்குக் கை சோர ஆரம்பித்திருந்தது.

நாலாவது முறை அவன் என்னை ஏமாற்றினான். இந்த மூலைக்கு வருவது போல வந்து, சட்டென்று நடுவுக்குப் போய் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து, முழங்காலை மடக்கினான். நான் நாலடி தள்ளி இருந்தேன். எட்ட முடியாது என்று தெரிந்தது. அப்போதுதான் வாய் திறந்தது. கத்தக்கூட இல்லை. கிணறு என்பதால் சின்னக் குரலும் பெரிதாகக் கேட்டது.

"அண்ணா, நான் குள்ளம்."

மடக்கிய முழங்காலோடு அவன் அப்படியே நின்றான்.

"அது இப்பதான் தெரியுமா உனுக்கு?" என்றான் சத்திரத்துப் பையன்.

"நெட்டையண்ணன் கை அந்தத் தொளை வரிக்கும் வரும். என் கை வராதுண்ணா. நான் குள்ளம்."

சத்திரத்துப் பையன் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தான். அண்ணன் அவனைக் கவனிக்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சேர்த்த கைகள் மெதுவாகப் பிரிந்து கீழே வந்தன. விளிம்பிலிருந்து ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு அவன் கண்ணில் படவில்லை. படிகளில் இறங்கி வரும் சத்தம் கேட்டது.

என் பக்கத்தில் நீந்தி வந்து, என்னைப் பார்க்காமல், அமிழ்ந்தான். அண்ணன் நெட்டையண்ணனைவிட நாலு விரல் குட்டை. தரையில் நின்று கையைத் தூக்கினான். தண்ணீருக்கு மேலே அவன் விரல்கள் வந்தன. உள்ளங்கை வந்தது. தனியாக ஒரு கை தண்ணீரிலிருந்து முளைத்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். மேலே இருந்து சத்திரத்துப் பையனும் பார்த்தான்.

"மணிக்கட்டு வரிக்கும் தெரியுது" என்று அவன்தான் சொன்னான். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அண்ணனின் தலை தண்ணீருக்கு வெளியே வந்ததும் அவனிடம், "நீ ஏறி வந்துடுடா" என்றான்.

அண்ணன் மேலே ஏறிப் போகவில்லை. கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தான். நானும் நீந்திப் போய் அடுத்த படியில் உட்கார்ந்தேன். அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். குளிரவில்லை, நல்ல வெயில். ஆனாலும் அவன் பல் அடித்துக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன அலையாக அவன் நடுக்கம் தண்ணீரில் என் பக்கம் வந்தது.

"எத்தினி நாளா நீ பாக்குற?" என்றான்.

"பொங்கலு முடிஞ்சதிலருந்து."

அவன் குதிகாலைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துப் பார்த்துக்கொண்டான். நாங்கள் எத்தனை முறை குதித்தோம் என்று நினைத்திருப்பான். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பேச்சை நம்பிக் குதித்தவர்கள் ஒவ்வொருவராக என் கண்ணுக்குள் கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், மெதுவாக, சத்தமில்லாமல். அவர்களில் யாரும் தரையைத் தொடவில்லை, தொங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"ஏன் மொதல்லியே சொல்லல?" என்றான் அண்ணன்.

நான் விரலைக் கடித்துக்கொண்டேன். அவனும் திரும்பக் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவன்.

வீட்டுக்கு வரும் வழியில் சத்திரத்துப் பையன் எங்களுக்குப் பின்னால், பத்தடி விட்டு வந்தான். அண்ணன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். கோபமா, வெட்கமா, தெரியவில்லை. வாசலில் நின்று, "அம்மாக்குத் தெரிய வாணாம்" என்றான். அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, விரலெல்லாம் இப்படிச் சுருங்கும் வரை தண்ணீரில் கிடந்தால் ஜன்னி வரும் என்று திட்டினாள். துண்டால் தலையை அழுத்தித் துடைத்துவிட்டாள். துண்டுக்குள் கண்ணை மூடினால் எல்லாம் பச்சையாக இருந்தது. அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மேட்டுநிலத்தில் கடலை பிடுங்கினார்கள். நானும் அண்ணனும் அம்மாவோடு போனோம். செடியிலிருந்து காயை ஆய்ந்து கூடையில் போட்டோம். சத்திரத்துப் பையனும் வந்து இரண்டு வரிசை பிடுங்கினான். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. கிணற்றுப் பக்கம் போகாமல் எல்லோரும் நேராக வீட்டுக்கு நடந்தோம்.